திரையில் வீடுகள் வந்த விதம்

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம், கல்முனையில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் கடற்கரை வீதியிலிருந்த ஒரு சின்னக் கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கட்டடம் இடியாமல் நின்றது. உள்ளே இருந்த கணினிகள்தான் சேறாகிப் போயின. வகுப்பின் சொந்தக்காரரே அந்த அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொன்னார். "அவனுக்கு ஒரு வேலயக் குடுங்க. சும்மா இருந்தா புத்தி பேதலிச்சிரும்" என்றாராம். எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மற்றவர்களுக்கு அதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாப்பாவோடு, கடலுக்குத் தூரமான வரிப்பத்தான்சேனையில் இருந்தேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தோம். என் மனைவியின் தாயான மாமியும் மாமியின் இளைய மகளும் சாய்ந்தமருதில் பெருந்தெருவுக்கு மேற்கே ஒரு கல்யாண வீட்டில் சமையலுக்கு உதவப் போயிருந்தார்கள். என் மனைவி மட்டும் கடலோரத்து வீட்டில் இருந்தாள். நான் சாய்ந்தமருதுக்கு வந்து சேரும்போது அவளைப் பள்ளிவாசல் முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்றே அடக்கினோம். நானும் மண் போட்டேன். கை வேலை செய்தது நினைவிருக்கிறது. வேறு ஒன்றும் நினைவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பான். வீடு பெண்ணுடையது. அவளுடைய தாயும் தகப்பனும் அவளுக்குக் கட்டிக்கொடுப்பது. அந்த வளவும் வீடும் மாமி என் மனைவிக்குக் கொடுத்தவை. அதே வளவின் பின்பக்கத்தில் இளையவளுக்கும் அத்திவாரம் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் போய்விட்டது. மாமியும் இளையவளும் பள்ளிக்கூடத்தில் தங்கி, பிறகு தகரக் கொட்டில் ஒன்றுக்கு மாறினார்கள். நான் கல்முனைக்குடியில் உம்மாவின் வீட்டுக்குத் திரும்பினேன். கல்யாணத்துக்கு முன் நான் படுத்த அதே கட்டிலை உம்மா எனக்கு விரித்துத் தந்தா. படுத்தேன்.

அலுவலகத்தில் எனக்குத் தந்த வேலை இதுதான். கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆகவே உள்ளே, வயல் நிலம் ஒன்றை மண் போட்டு நிரப்பிப் புதுக் குடியிருப்பு ஒன்று அமைக்கப் போகிறார்கள். எந்தக் காணியில் யாருடைய வீடு, அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை போட்டாயிற்றா என்று எல்லாம் ஒரே பார்வையில் கணினித் திரையில் தெரிய வேண்டும். பொறுப்பான பொறியியலாளர் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர். நல்ல மனிதர். மெதுவாகக் கதைப்பார். ஒரு தாளில் பென்சிலால் சின்னச் சின்ன வீடுகளாக வரைந்து காட்டி, "இப்படி வேண்டும்" என்றார்.

நிரல் எழுதும் மென்பொருளில் பொத்தான், எழுத்துப் பெட்டி என்று தயாராகச் சில பொருட்கள் இருக்கும். கொம்பொனன்ட் என்போம். எடுத்து வைத்தால் திரையில் தெரியும். வீடு என்று ஒன்று அதில் இல்லை. நானே செய்ய வேண்டியிருந்தது. அத்திவாரத்துக்கு ஒரு தடித்த கோடு, சுவருக்கு ஒரு சதுரம், கூரைக்கு ஒரு முக்கோணம், கீழே சொந்தக்காரரின் பெயர். எந்தக் கட்டம் வரை வேலை முடிந்ததோ அதுவரைக்கும் வர்ணம் நிரம்பும். இதை எழுதி முடிக்க எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. காலையில் போவேன், பின்னேரம் வருவேன். இடையில் யாராவது தேத்தண்ணி வைத்தால் குடிப்பேன்.

முதல் தடவை ஓடவிட்டபோது சாம்பல் நிறத்தில் வெறும் சாளரம் ஒன்று திறந்தது. அதில் ஒன்றுமில்லை.

பொறியியலாளர் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். வீடுகள் எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கின்றன என்றேன். உண்மையில் இருந்தன. நிரலை இடையில் நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் நினைவகத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. அகலம், உயரம், வர்ணம் எல்லாம் சரியாக இருந்தன. தெரிய வேண்டும் என்ற கட்டளையும் கொடுத்திருந்தேன். திரைக்கு மட்டும் வரவில்லை.

எனக்கு அடுத்த மேசையில் ஒரு அக்கா இருந்தா. பாண்டிருப்பு ஆள். வீட்டுத் திட்டங்களுக்குப் படம் வரைபவ. என்னிலும் சில வயது மூத்தவ. கல்யாணம் முடிக்கவில்லை. கடலில் தாயைப் பறிகொடுத்தவ என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவவும் நானும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. மற்றவர்கள் என்னிடம் வரும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வருவார்கள். அக்கா அப்படி வரமாட்டா. எனக்கு அது போதுமாக இருந்தது.

"என்ன தம்பி, ரெண்டு நாளா ஒரே சாம்பலப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று அவ கேட்டா.

"வீடெல்லாம் இருக்கக்கா. தெரியுதில்ல."

"இருந்தாத் தெரியத்தானே வேணும்?"

"இல்ல. இருக்கிறது வேற, தெரியிறது வேற."

அக்கா குனிந்து என் திரையைப் பார்த்தா. பிறகு தன்னுடைய மேசைக்குப் போய்விட்டா.

பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. நாமாகச் செய்த ஒரு பொருளை ஓடும் நேரத்தில் உண்டாக்கினால், அதற்கு இரண்டு விடயங்கள் சொல்ல வேண்டும். அதற்குப் பொறுப்பு யார் என்பது ஒன்று. எதன் மேல் அது நிற்க வேண்டும் என்பது மற்றது. நான் பொறுப்பைச் சொல்லியிருந்தேன், நிற்கும் இடத்தைச் சொல்லவில்லை. அந்த வரியைச் சேர்த்ததும் வீடுகள் வந்தன. ஆனால் எல்லாமே இடது மேல் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து வந்தன. மேலே கிடந்த ஒரு வீடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இடத்தைக் கணக்கிடும் பகுதி ஓடுவதற்கு முன்பே அவற்றை வரையச் சொல்லியிருந்தேன். அதையும் திருத்தினேன். வீடுகள் தங்கள் தங்கள் காணிக்குப் பரந்து போய் நின்றன. இப்போது பெயர்கள் வாசிக்க முடியாமல் இருந்தன. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் எழுத்துரு. எழுத்துரு மாறினால் தமிழ் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகச் சிதறிவிடும். தயாராக வரும் பெட்டிகளுக்கு எழுத்துருவைச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். நான் செய்த வீட்டில் எழுத்தை வரைவதும் நான்தான். ஆகவே வரையும் இடத்திலேயே சொல்ல வேண்டும். சொன்னேன். பெயர்கள் தமிழில் வந்தன.

பொறியியலாளர் என் தோளில் தட்டினார். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். நான் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன்.

மறுநாள் அக்கா தான் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தா. காணி இலக்கத்தை அவ வாசிக்க, நான் அந்த வீட்டின் மேல் சுட்டியை வைப்பேன். அவ பெயரைச் சரி பார்ப்பா. ஓரிடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டா.

"தம்பி, இது உங்கட பேர்தானே?"

பார்த்தேன். என் பெயர். வாப்பாவின் பெயரும் சரியாக இருந்தது.

"ஓம்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு ஒரு வீடு வருது."

"எனக்கு வீடில்லக்கா. அது எங்கட மாமிட வளவுக்குப் பதிலா வாற வீடு. மாமிக்கும் இளைய மகளுக்கும்தான் அது."

"அப்ப ஏன் உங்கட பேர் கிடக்கு?"

பொறியியலாளரிடம் கேட்டேன். பெயர்கள் வேறு அலுவலகத்திலிருந்து வருகின்றன, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பத் தலைவர், குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பதுதான் அங்கே விதி என்றார். அந்த வீட்டில் அந்தக் காலத்தில் குடியிருந்த ஒரே ஆண் நான். மாமா முன்பே மௌத்தாகிவிட்டார். "உங்களுக்கு நல்லதுதானே?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கோபம் வர வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை.

சில நாட்களில் மாமி அலுவலகத்துக்கு வந்தா. அப்படிப் பலர் வருவார்கள். தங்கள் வீடு எங்கே வரப்போகிறது என்று திரையில் பார்த்துவிட்டுப் போவார்கள். மாமி முக்காட்டை இழுத்துவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. மெலிந்து போயிருந்தா.

"எங்கட வீடு எது மனே?"

சுட்டிக் காட்டினேன். மாமி குனிந்து வாசித்தா.

"உங்கட பேர் கிடக்கு."

"ஓம் மாமி. அது அவங்க போட்டது. மாத்தச் சொல்லிக் கேக்கிறன்."

"என்னத்துக்கு மாத்துற? கிடக்கட்டும்." மாமி என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னா. "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி சாப்பிட வாங்க மனே. கதைக்க ஒரு விசயம் இரிக்கி."

வெள்ளிக்கிழமை போனேன். தகரக் கொட்டிலுக்குள் வெக்கை தாங்க முடியாது. மாமி மீன் ஆணமும் சோறும் வைத்தா. இளையவள் தட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் சாப்பிட்டு முடியும் வரை மாமி பொறுத்திருந்தா.

"இவளையே நீங்க முடிச்சா என்ன மனே?" என்றா. "மார்க்கத்தில குத்தமில்ல. ஊரில எத்தின பேர் அப்பிடிச் செய்றாங்க. வீடும் உங்கட பேரில இரிக்கி. எனக்கும் ஆம்பிளத் தொணையில்ல. நீங்க வேற வீட்டுக்குப் போனா, மூத்தவள நான் எங்க போய்த் தேடுற?"

கடைசிச் சொல் எனக்கு அப்போது விளங்கவில்லை. பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. நான் மூத்த மகளோடு வாழ்ந்தவன். நான் வந்து போகும் மட்டும் அவளும் வந்து போகிற மாதிரி மாமிக்கு இருந்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றன் மாமி" என்றேன். யோசிக்க என்னிடம் ஒன்றுமில்லை. சரி என்றால் சரி. இல்லை என்றால் இல்லை. இரண்டும் எனக்கு ஒரே அளவாகவே தெரிந்தன.

கை கழுவ வெளியே தண்ணீர்த் தாங்கிக்குப் போனேன். இளையவள் அங்கே குடத்தோடு நின்றாள். அவள் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் என்னோடு பகிடியாகக் கதைப்பவள். கடலுக்குப் பிறகு நாங்கள் கதைத்ததே இல்லை.

"மச்சான், உம்மா கேட்டுட்டாவா?"

"ஓம்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல."

"எனக்கு விருப்பமில்ல" என்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். "உங்களில ஒரு குறையுமில்ல. கோவிக்காதீங்க. ராத்தா உங்களுக்குச் சோறு போடுறதப் பாத்துக்கிட்டு இருந்தவ நான். நான் சோத்தப் போட்டா நீங்க ராத்தாவத்தான் பாப்பீங்க. இல்லாட்டி ஒண்டையும் பாக்க மாட்டீங்க. இப்ப இரிக்கிற மாதிரி."

"செரி" என்றேன்.

"இந்தச் செரிதான் எனக்குப் பயம்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "என்ன கேட்டாலும் செரி எண்டுறீங்க. உம்மா கேட்டாலும் செரி எண்டுருவீங்க. நாளைக்கி நிக்காஹ் எண்டாலும் வந்து இருந்துருவீங்க. எனக்கு அது வேணாம் மச்சான். உங்களுக்கு விருப்பமில்லண்டு நீங்கதான் உம்மாட்டச் சொல்லணும். நான் சொன்னா உம்மா அழுவா."

"சொல்றன்."

"வீடு?"

"வீடு உங்கட."

"உங்கட பேரெண்டு உம்மா சொன்னா."

"மாத்துறன்."

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நான் திரும்ப உள்ளே போய் மாமியிடம், எனக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை மாமி என்று சொன்னேன். மாமி என் தட்டை எடுத்துக் கழுவினா.

அடுத்த திங்கட்கிழமை நான் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் யார் செய்தது என்றுதான் தோன்றுகிறது. யாரும் கேட்காமல் அந்த வீட்டுக் கொம்பொனன்டைத் திரும்பத் திறந்தேன். கீழே ஒரு பெயருக்கு இருந்த இடத்தை இரண்டு பெயருக்கு ஆக்கினேன். பெட்டியின் உயரத்தைக் கூட்டினேன். உயரம் கூடியதும் கீழ் வரிசை வீடுகள் மேல் வரிசையின் பெயர்களை மறைத்தன. இடைவெளிகளைத் திருத்தினேன். ஓடவிட்டேன். ஒவ்வொரு வீட்டின் கீழும் ஒரு பெயரும், அதன் கீழே வெறும் இடமும் தெரிந்தன.

பொறியியலாளர் பார்த்தார். இந்த வெறும் இடம் எதற்கு என்று கேட்டார்.

"பெண்ணின் பெயருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். திரையில் என்ன காட்டினாலும் காணி உறுதிப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை என்று. அடுத்த மேசையிலிருந்து அக்கா எழுந்து வந்தா. அவவுக்கு ஆங்கிலம் என்னை விட நன்றாக வரும்.

"சேர், இந்தக் கரை முழுக்க வீடு பொம்பிளைகளுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னா. "முஸ்லிம் ஆக்களுக்கும் அப்படித்தான், பாண்டிருப்பில எங்களுக்கும் அப்படித்தான். கடல் எடுத்தது பொம்பிளைகளின்ட வீட்டை. நீங்க திருப்பிக் குடுக்கிறது ஆம்பிளைகளுக்கு. அந்த இடத்த நிரப்ப வழியில்லையெண்டா, வெறுமையாவே விட்டுக் காட்டுவம். வாறவங்க பாத்து எங்களிட்டக் கேக்கட்டும்."

அப்படியே விட்டோம். வந்து பார்த்த பெண்கள் கேட்டார்கள். ஏன் ஒரு பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னோம். சிலர் பேசாமல் போனார்கள். சிலர் அங்கேயே நின்று சத்தம் போட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து பொறியியலாளரோடு கதைத்தார்கள். பெரிய அலுவலகங்களில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில், கேட்பவர்களுக்கு மட்டும் பெண்ணின் பெயரையும் சேர்க்கலாம் என்று முடிவு வந்தது. எங்கள் காணியில் என் பெயரை எடுத்துவிட்டு மாமியின் பெயரையும் இளையவளின் பெயரையும் போட்டார்கள். அதற்கு நான் பல இடங்களில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன்.

எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. கேட்கத் தெரியாதவர்களின் வீடுகளில் அந்த இடம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

திரையில் வீடுகள் வந்த வேகத்தில் நிலத்தில் வரவில்லை. நிரப்பிய நிலத்தைப் பற்றிப் பிரச்சினை வந்தது. பிறகு சீமெந்து வரவில்லை. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. ஹர்த்தால், சோதனை, வீதி மூடல். ஒரு மழைக்காலம் முழுவதும் திரையில் ஒரு வீட்டின் வர்ணம்கூட மேலே ஏறவில்லை. அத்திவாரக் கோடுகளை மட்டும் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தோம். அந்தக் காலத்தில்தான் அக்கா ஒரு நாள், தன்னுடைய தம்பி இயக்கத்தில் இருப்பதைச் சொன்னா. சின்னதில் பிடித்துக்கொண்டு போனார்களாம். இப்போது வன்னியில். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவ எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினா.

இளையவள் இதற்கிடையில் அக்கரைப்பற்று ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் முடித்தாள். தகரக் கொட்டிலுக்கே மாப்பிள்ளை வந்தார். நான் போய்ப் பந்தியில் சாப்பிட்டேன்.

யுத்தம் முடிந்த வாரத்தில்தான் அந்த வீடு கையளிக்கப்பட்டது. அன்று காலையில் பெருந்தெருவில் வெடி கொளுத்தினார்கள். சோதனைச் சாவடியில் போகிற வாகனங்களையெல்லாம் மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். என் மோட்டார் சைக்கிளையும் மறித்து, இலையில் ஒரு துண்டு வைத்துத் தந்தார்கள். வாங்கினேன். அலுவலகத்தில் அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது. தம்பியைத் தேடி வவுனியாவில் உள்ள அகதி முகாம்களுக்குப் போய்விட்டா என்றார்கள். பிறகு ஒரு நாள் தொலைபேசியில் கதைத்தா. "அவன் இந்த முகாமிலயும் இல்ல, தம்பி. அடுத்ததில பாக்கிறன்" என்றா. அதற்குப் பிறகும் பல முகாம்கள் பார்த்தா. இன்றுவரை அவவுக்கு ஒரு பதிலும் வரவில்லை. அன்று தொலைபேசியில் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கவனமா இருங்கக்கா என்று சொல்லியிருப்பேன்.

கையளிப்பு முடிந்து மாமி வீட்டுக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டா. சுவரில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. பாய் விரித்து, நானும் இளையவளின் கணவரும் எதிரெதிரே இருந்தோம். மாமி குசினிப் பக்கம் திரும்பி, "புள்ள, மருமகனுக்குச் சோத்தப் போடு" என்று குரல் கொடுத்தா.

இளையவள் சோற்றுத் தாச்சியோடு வந்தாள். ஒரு கணம் நின்றாள். எந்த மருமகன் என்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு போய்த் தன் கணவரின் தட்டில் போட்டாள்.

அது சரியான தட்டுத்தான். என் கை என் தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை. எழுந்து பின் கதவால் வெளியே போனேன். அங்கே நிரப்பிய மண்ணும், அதற்கப்பால் வயலும் இருந்தன. வாய்க்காலோரம் குந்தியிருந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

யாரும் வரவில்லை. வராமல் இருந்ததற்கு இளையவள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மாமி எழுந்து வரப் போனாவாம். "விடுங்க உம்மா, அழட்டும்" என்று பிடித்து இருத்தினாளாம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். என் தட்டில் சோறு போட்டு, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தார்கள். திறந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடியிருந்தது நாக்குக்குத் தெரிந்தது. அதை மாமியிடம் சொன்னேன்.